கீதா தத்: கதையைக் கழற்றி வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டால்?

குமிழ்விளக்கு:

எல்லாருக்கும் வணக்கம். ஹிந்தி எனக்கு 'சலோ', 'பானி'யோடு சரி. பாட்டு மட்டும் விடாமல் கேட்பேன். போன ஞாயிற்றுக்கிழமை கார் ரேடியோவில் பழைய ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி. அன்றைக்குக் கீதா தத். ஹிந்திப் பட இயக்குநர், நடிகர் குரு தத்தின் மனைவி, கல்யாணம் கசந்தது, ஏதோ நடிகை விவகாரம், குடி, 41 வயதில் சாவு என்று அறிவிப்பாளர் அம்மா ஐந்து நிமிஷம் பேசினார். கடைசியில் 'வக்த் நே கியா' போட்டார்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

பாட்டு என்னமோ செய்தது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சந்தேகம். அந்தக் கதையைக் கேட்டதால் பாட்டு உருக்கியதா, பாட்டே அப்படித்தானா? ஒன்றும் தெரியாமல் முதல் தடவை கேட்டிருந்தால்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்கலாம்? சோகம் என்று நெற்றியில் எழுதி ஒட்டாத பாட்டுகளாக இருந்தால் இன்னும் நல்லது.

சிற்றலை:

தம்பி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தொடங்குங்கள். 1953 மே மாதம் வரை இசைத்தட்டுகளில் அவர் பெயர் கீதா ராய். 'கீதா தத்' என்ற பெயர் அப்புறம் வந்தது. நீங்கள் கேட்ட கதை மொத்தமும் இரண்டாவது பெயரைச் சேர்ந்தது. முதல் பெயரை யாரும் பேசுவதில்லை.

பிறந்தது 1930 நவம்பர் 23, கிழக்கு வங்காளத்தில் ஃபரீத்பூர்ப் பக்கம். இன்றைக்கு அது பங்களாதேஷ். ஜமீன் குடும்பம். 1942 வாக்கில் பம்பாய்க்கு வந்து தாதரில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறினார்கள். வீட்டில் பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரலை ஹனுமான் பிரசாத் என்ற இசையமைப்பாளர் கேட்டு, 1946-ல் 'பக்த பிரஹலாத்' படத்தில் பாட வைத்தார். பாட வைத்தார் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கோரஸுக்கு நடுவே இரண்டே வரி.

அந்த இரண்டு வரியை இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன் கவனித்தார். அடுத்த வருஷம் 'தோ பாய்' படத்தில் 'மேரா சுந்தர் சப்னா பீத் கயா' பாட்டைக் கொடுத்தார். என் அழகான கனவு முடிந்துபோயிற்று என்று அர்த்தம். பாடும்போது வயசு 16. மிகைப்படுத்தாமல் சொல்கிறேன், கேட்டால் முப்பது வயதுப் பெண்ணின் களைப்பு அதில் இருக்கும். அழுகை கிடையாது. கனவு போய்விட்டது என்று நமக்குத் தகவல் சொல்கிற மாதிரி ஆரம்பிப்பார். 'பீத் கயா' என்ற இடத்தில் குரல் லேசாகக் கீழே உட்காரும். அவ்வளவுதான்.

அப்போது அவர் குரு தத்தைப் பார்த்ததுகூட இல்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதிலேயே முடிந்துவிட்டது. ஆனால் முடிக்க மனசில்லை, இன்னும் எழுதுவேன்.

கோடம்பாக்கத்தான்:

வழக்கம்போல மிகையான பாராட்டு. லதாவின் சுருதி சுத்தம் கீதாவிடம் உண்டா? ஆஷாவின் வீச்சு உண்டா? ஏறக்குறைய 25 வருஷத்தில் ஹிந்தியில் ஆயிரத்துச் சொச்சம் பாட்டு. அவர்கள் இருவரும் எங்கே, இவர் எங்கே? மூன்றாவது இடம். அதுவும் ஷம்ஷாத் பேகத்தோடு பங்கு போட்டு.

பானு:

@கோடம்பாக்கத்தான், பந்தயக் குதிரையா இவங்க? இடம் போட்டுக்கிட்டே இருந்தா பாட்டு எப்பக் கேக்குறது?

நான் கர்நாடக சங்கீதம் பன்னிரண்டு வருஷம் படிச்சவ. அந்தக் காதோட சொல்றேன். கீதாவுக்கு லதா மாதிரி மேல் ஸ்தாயியில ஊசி முனை கிடையாது, உண்மைதான். பிருகா கொட்டுற குரலும் இல்லை. ஆனா ஒரு வார்த்தையை எங்க விடணும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. வார்த்தையோட கடைசி எழுத்தை முழுசா முடிக்காம, மூச்சுல கரைச்சு விட்டுடுவாங்க. நாம பேசும்போது அப்படித்தானே பேசுறோம்? மேடையில பாடுறவங்க அப்படிச் செய்யக் கூடாதுன்னு எங்க டீச்சர் தலையில குட்டுவாங்க. கீதா அதையே தன் பாணியா வச்சிக்கிட்டாங்க.

நம்ம ஊர்க் காதுக்கு நல்ல நுழைவாசல் 1950-ல வந்த 'ஜோகன்'. நர்கிஸ், திலீப் குமார் படம். இசை புலோ சி. ராணி. படம் நெடுக மீரா பஜன், 'கூங்கட் கே பட் கோல்'ங்கிற கபீர் பாட்டு வேற. எல்லாம் கீதா ராய். மீரா பஜன்னாலே நமக்கு எம்.எஸ். அம்மாதான். அந்தக் குரல்ல பக்தி ஒரு கோயில் மாதிரி, கல்லு கல்லா எழும்பி நிக்கும். கீதா பாடுற மீரா கோயிலுக்குள்ளயே போகலை, வாசப்படியில உக்காந்துக்கிட்டு யாரையோ போகாதேன்னு கெஞ்சுறா. 'மத் ஜா மத் ஜா ஜோகி' கேட்டுட்டு வந்து சொல்லுங்க. ரெண்டுல எது உசத்தின்னு நான் சொல்ல மாட்டேன், சண்டை வரும்.

அப்ப அவங்களுக்கு இருபது வயசுகூட முடியலை.

மாட்டுங்கா மணி:

பானு அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஜோகன்' வந்த பிறகு பம்பாயில் எல்லோரும் அவரை பஜன் பாடகி, சோகப் பாடகி என்று பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். அந்தப் பெட்டியை உடைத்தது 1951-ல் 'பாஜி'.

கதை சுவாரஸ்யமானது. 'தத்பீர் ஸே பிக்டீ ஹுயீ தக்தீர் பனா லே' என்பதை சாஹிர் லூதியான்வி கஜலாக எழுதிக் கொடுத்தார். முயற்சியால் தலையெழுத்தைத் திருத்திக்கொள் என்கிற மாதிரி கனமான விஷயம். எஸ்.டி. பர்மன் அதைத் தூக்கி கிட்டார், தாளம் எல்லாம் சேர்த்து கிளப் பாட்டாக ஆக்கிவிட்டார். திரையில் கீதா பாலி கிட்டாரை வைத்துக்கொண்டு தேவ் ஆனந்தைச் சீண்டுவார். பின்னால் கீதா ராய். நேற்று வரை கிருஷ்ணனைக் கூப்பிட்டுக் கொண்டிருந்த குரல், இன்றைக்குச் சூதாட்ட கிளப்பில் கண்ணடிக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று கண்ணை மூடிக் கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

அந்தப் படம்தான் குரு தத் இயக்கிய முதல் படம். அந்தப் பாட்டுப் பதிவின்போதுதான் இருவரும் சந்தித்தது. அன்றைக்கு அவர் பெரிய நட்சத்திரப் பாடகி. குரு தத் பேர் தெரியாத புது இயக்குநர். இப்போது நிகழ்ச்சிகளில் 'குரு தத்தின் மனைவி' என்று ஆரம்பிக்கிறார்களே, அந்த வருஷம் நிலைமை நேர்தலைகீழ்.

சிற்றலை:

மணி சார், இசையமைப்பாளர் ஓ.பி. நய்யரை விட்டுவிட்டீர்களே.

நய்யரின் முதல் படம் 'ஆஸ்மான்', 1952. அதில் கீதா பாடியிருக்கிறார். படம் ஓடவில்லை. நய்யரைக் குரு தத்திடம் அழைத்துப் போய் இவருக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று சொன்னதே கீதாதான் என்பார்கள். பிறகு குரு தத்துக்காகச் செய்த 'பாஜ்' படமும் பெரிதாகப் போகவில்லை. அப்புறம் 1954-ல் 'ஆர் பார்'. அதோடு நய்யர் எங்கேயோ போய்விட்டார்.

'ஆர் பார்' பாட்டுகளை வரிசையாகக் கேளுங்கள் குமிழ்விளக்கு தம்பி. சோகம் வேண்டாம் என்றீர்களே, இதோ:

'பாபுஜீ தீரே சல்னா.' கிளப்பில் ஷகீலா பாடுவது. கியூபாவிலிருந்து வந்த 'க்விஸாஸ்' என்ற பாட்டின் சாயல் முதல் வரியில் அப்பட்டமாகத் தெரியும், நய்யரைத் திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளட்டும். பார்த்துப் போங்க சார், வழுக்கும் என்று எச்சரிக்கிற பாட்டு. எச்சரிக்கும் குரலே தள்ளியும் விடுகிறது.

'யே லோ மைன் ஹாரீ பியா.' டாக்ஸியில் கோபமாக உட்கார்ந்திருக்கும் குரு தத்தை ஷ்யாமா சமாதானப்படுத்துவது. தோற்றுவிட்டேன் என்று பாடுகிறாள், தோற்றவள் பாடுகிற மாதிரியா இருக்கிறது?

'சுன் சுன் சுன் சுன் ஜாலிமா.' ரஃபியோடு. இதே மெட்டைத்தான் வேகத்தைக் குறைத்து 'ஜா ஜா ஜா ஜா பேவஃபா' என்று தனியாகப் பாட வைத்தார் நய்யர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே மெட்டு. முதலில் கன்னத்தைக் கிள்ளுவாள், இரண்டாவதில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மெட்டு மாறவில்லை, குரல்தான் மாறியிருக்கிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

டீக்கடை பெஞ்ச்:

சி.ஐ.டி. படத்துல வர்ற 'கஹீன் பே நிகாஹேன்' இவங்க பாடுனதுதானே? செம பாட்டு. 'சாஹிப் பீபி'ல 'பன்வரா படா நாதான்' கூட இவங்கதான்.

மாட்டுங்கா மணி:

இரண்டும் தவறு. முதலாவது ஷம்ஷாத் பேகம், இரண்டாவது ஆஷா. பரவாயில்லை, தம்பி. யூடியூபில் பாதிப் பேர் தப்பான பெயரோடுதான் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

சி.ஐ.டி.யில் (1956) கீதா பாடியதில் முக்கியமானவை ரஃபியோடு 'ஏ தில் ஹை முஷ்கில்', 'ஆங்கோன் ஹீ ஆங்கோன் மேன்'. முதலாவதை மும்பைக்காரன் என்கிற முறையில் தேசிய கீதம் மாதிரி எழுந்து நின்று கேட்பேன். பல்லவி முழுக்க ரஃபியின் ஆள் இந்த ஊரைத் திட்டித் தீர்ப்பான், கடைசிச் சரணத்தில் கீதா வந்து ஊரை விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வார். அந்த ஒரு சரணத்துக்காகவே இந்த ஊரில் இருக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று, 'ஜாத்தா கஹான் ஹை தீவானே'. இது படத்தில் இல்லை, இசைத்தட்டில் மட்டும் உண்டு. பாட்டில் 'ஃபிஃபி' என்று அர்த்தமில்லாத ஒரு சொல் வரும். அர்த்தமில்லை என்பதாலேயே தணிக்கைக்காரர்கள் ஏதோ கெட்ட அர்த்தம் என்று சந்தேகப்பட்டு வெட்டச் சொன்னார்கள் என்று கதை. கீதா பாடிய விதத்தைக் கேட்டால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது!

வடமராட்சி:

வணக்கம் எல்லாருக்கும். நீங்கள் எல்லாம் படம் பாத்து பாட்டைத் தெரிஞ்சவை. எங்கட வீட்டில பாட்டுத்தான் முதல், படம் ஒண்டுமே பாக்கேல்லை.

1952-ல இந்திய அரசாங்கம் ஆகாசவாணியில சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தினது தெரியுந்தானே. பி.வி. கேஸ்கர் மந்திரியா இருந்த காலம். அதே வருச முடிவில இலங்கை வானொலியில பினாகா கீத்மாலா எண்ட ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி துவங்கினது, நடத்தினது அமீன் சயானி. முழு இந்தியாவும் ஹிந்திப் பாட்டுக்குக் கொழும்பைத் திருப்பிக் கேட்ட காலம் அது. எங்கட அப்பா கொழும்பில கிளறிக்கல் வேலை. ஹிந்தி ஒரு சொல்லும் விளங்காது. புதன்கிழமை இரவு எண்டால் வானொலிப் பெட்டியை விட்டு அசைய மாட்டார்.

அவருக்கு 'தண்டீ ஹவா காலீ கட்டா' எண்டால் உயிர். 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' படப் பாட்டு. நான் பிறந்து வளந்து, இணையம் எல்லாம் வந்தாப்பிறகு, ஒருநாள் அந்தப் பாட்டுக் காட்சியைப் போட்டுக் காட்டினன். மதுபாலா குடையோட நீச்சல் குளத்தடியில. அப்பா பாத்திட்டுச் சொன்னார், 'நான் நினைச்ச பிள்ளை இது இல்லை' எண்டு. அறுபது வருசமா அவற்ற மனசில வேற ஒரு பிள்ளை இருந்திருக்கு. அந்தக் குரல் செஞ்ச பிள்ளை. மதுபாலாவே வந்து நிண்டும் அவருக்குச் சரிவரேல்லை எண்டால் பாருங்கோ.

பானு:

வடமராட்சி அண்ணா, இதைப் படிச்சிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

வடமராட்சி:

அவர் காலமாகி நாலு வருசம், தங்கச்சி. பரவாயில்லை, சொன்ன மாதிரித்தான்.

கோடம்பாக்கத்தான்:

கண் கலங்க வைப்பதெல்லாம் சரி. என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு திறமை என்றால் ஏன் சறுக்கினார்? நய்யரைக் கைதூக்கி விட்டவரையே நய்யர் கைவிட்டது ஏன்?

மாட்டுங்கா மணி:

இது நியாயமான கேள்வி, உட்கார்ந்து பேசலாம்.

இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1955, 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55'. இசை நய்யர், கதாநாயகி மதுபாலா, குரல் கீதா. 1958, 'ஹௌரா பிரிட்ஜ்'. அதே நய்யர், அதே மதுபாலா. 'ஆயியே மெஹர்பான்' பாடியது ஆஷா. கீதாவுக்குக் கிடைத்தது 'மேரா நாம் சின் சின் சூ', கிளப் நடனக்காரி ஹெலனுக்கு. மூன்றே வருஷத்தில் கதாநாயகியிடமிருந்து நடனக்காரிக்கு நகர்ந்துவிட்டார். நடுவில் 1957-ல் 'நயா தௌர்' வந்து ஆஷாவைக் கதாநாயகியின் குரலாக உட்கார வைத்துவிட்டது. நய்யர் அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓரமாகக் கிடைத்த அந்த 'சின் சின் சூ'தான் ஹெலனை ஹெலன் ஆக்கியது. கீதா பாட்டுகளில் இன்றைக்கும் கல்யாண வீட்டில் போடுவது அதைத்தான்.

சிற்றலை:

மணி சார் நய்யர் பக்கத்தைச் சொன்னார், நான் பர்மன் பக்கத்தைச் சொல்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

1950களின் கடைசியில் எஸ்.டி. பர்மனுக்கும் லதாவுக்கும் மனஸ்தாபம். சில வருஷம் சேர்ந்து வேலை செய்யவில்லை. பர்மனிடம் முதல் நாற்காலி காலி. அதில் உட்காரக் கீதாவைவிடப் பொருத்தமானவர் யார்? 16 வயதில் கண்டெடுத்தவரே பர்மன்தானே. ஆனால் அந்த நாற்காலி பெரும்பாலும் ஆஷாவுக்குப் போயிற்று. ஒத்திகைக்கு வருவதில்லை, கூப்பிட்டால் கிடைப்பதில்லை என்று பேச்சு. வீட்டில் குழந்தைகள், வீட்டுக்குள் நிம்மதியில்லை, சொந்தப் படங்களைத் தவிர வெளியே பாட வேண்டாம் என்று கணவர் சொன்னதாக ஒரு பேச்சு. 1957-ல் கீதாவையே கதாநாயகியாகப் போட்டு 'கௌரி' என்ற வங்காளிப் படத்தைக் குரு தத் ஆரம்பித்து, கொஞ்ச நாள் படப்பிடிப்போடு நிறுத்தியும் விட்டார்.

கோடம்பாக்கத்தான் சார், திறமை குறைந்ததால் சறுக்கவில்லை. பாடக் கிடைத்தபோதெல்லாம் அவர் பாடியது அப்படியே இருந்தது. 1959-ல் 'சுஜாதா'. ஆஷாவுக்கு 'காலீ கட்டா சாயே', கீதாவுக்கு 'நன்ஹீ கலீ ஸோனே சலீ' என்று பர்மன் பிரித்துக் கொடுத்தார். ஒரு தாலாட்டு. அதைக் கேட்டுவிட்டுச் சறுக்கல் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

டீக்கடை பெஞ்ச்:

எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. நடிகை வஹீதா ரஹ்மான்தான் காரணம்னு ஊருக்கே தெரியும். புருஷன் மனசுல இருந்த பொண்ணுக்கே இவங்க குரல் கொடுக்க வேண்டிய கொடுமை. அதான் 'வக்த் நே கியா' அப்படி வந்துச்சு.

பானு:

தம்பி, இதுக்காகத்தானே இந்த இழையே ஆரம்பிச்சுது!

மூணு பேருக்குள்ள என்ன நடந்ததுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியும்ங்கிறது ஒரு சாட்சியா? செங்கல்பட்டுல பொறந்து, 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்துல ஒரு பாட்டுக்கு ஆடிட்டு, பம்பாய்க்குப் போன பொண்ணு வஹீதா. சி.ஐ.டி. அவங்களோட முதல் ஹிந்திப் படம். நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணு வெளியூர்ல போய் ஜெயிச்சா உடனே வில்லி ஆக்கிடுவீங்களா?

பாட்டுக்கு வாங்க. 'வக்த் நே கியா' 1959, 'காகஸ் கே ஃபூல்'. எழுதினது கைஃபி ஆஸ்மி, மெட்டு பர்மன். காலம் என்ன அழகா ஒரு கொடுமை பண்ணிடுச்சு, நீ நீயா இல்ல, நான் நானா இல்லங்கிறதுதான் விஷயம். காட்சியில யாரும் வாயசைக்கவே மாட்டாங்க, கவனிச்சீங்களா? வெறும் ஸ்டூடியோ, குரு தத்தும் வஹீதாவும் தள்ளித் தள்ளி நிப்பாங்க, மேலேருந்து ஒரு வெளிச்சத் தூண் சாஞ்சு விழும். கேமராமேன் வி.கே. மூர்த்தி, மைசூர்க்காரர், பெரிய கண்ணாடிகளை வச்சு வெயிலை உள்ள திருப்பி எடுத்தது. ஆக, கீதா அந்தப் பாட்டுல வஹீதாவுக்குக் குரல் கொடுக்கலை. குரு தத்துக்கும் கொடுக்கலை. அந்த இடத்துக்குக் குரல் கொடுத்திருக்காங்க.

'ப்யாஸா'வுல (1957) 'ஆஜ் சஜன் மோஹே அங் லகா லோ'வும் இதே கணக்குத்தான். தெருவுல ஒரு வைஷ்ணவப் பாடகி ராதையோட ஏக்கத்தைப் பாடுவா, மாடிப்படி ஏறுற வஹீதா ஒரு வார்த்தை பேச மாட்டா. பாட்டு முழுக்க அவ மனசுக்குள்ள ஓடும். வங்காளத்துக் கீர்த்தனைச் சாயல். கீதா பொறந்த மண்ணோட பாட்டு அது, கத்துக்கொடுக்கவே வேண்டியிருந்திருக்காது.

டீக்கடை பெஞ்ச்:

அக்கா மன்னிச்சிருங்க. ஆனா ஒரு கேள்வி, சீரியஸா கேக்கறேன். 'சாஹிப் பீபி அவுர் குலாம்'ல மட்டும் ஏன் வஹீதாவுக்கு ஆஷா?

மாட்டுங்கா மணி:

நல்ல கேள்வி கேட்டீர்கள், தம்பி. 1962. ஹேமந்த் குமார் இசை, ஷகீல் பதாயூனி பாட்டு. வஹீதாவுக்கு ஆஷா, மீனா குமாரிக்குக் கீதா. காரணத்தை அந்த வீட்டுக்குள் தேடலாம், ஆனால் பாட்டே போதுமான காரணம் சொல்கிறது. மீனா குமாரியின் 'சோட்டீ பஹு' என்பவள் பழைய ஜமீன் வீட்டு மருமகள். ராத்திரி தாசி வீட்டுக்குப் போகும் புருஷனைத் தடுத்து நிறுத்த அவனோடு சேர்ந்து குடிக்கப் பழகிக் குடிக்கு அடிமையானவள். 'ந ஜாவோ சையான்' அவள் போதையில் கெஞ்சுவது. போதையில் பாடுவதென்றால் இழுத்து இழுத்துக் குழறுவது என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். கீதா ஒரு சொல்லைக்கூடக் குழறவில்லை. இந்தத் தெளிவுதான் பயமாக இருக்கிறது. 'பியா ஐஸோ ஜியா மேன்' அதே பெண் அலங்காரம் செய்துகொள்ளும்போது பாடுவது, அதில் அவ்வளவு சந்தோஷம்.

இதற்கு மேல் நான் சொன்னால் நானும் கதைப் பக்கம் சாய்ந்துவிடுவேன். நிறுத்திக்கொள்கிறேன்.

கோடம்பாக்கத்தான்:

ஒப்புக்கொள்கிறேன், 'சுன் சுன் ஜாலிமா'வையும் 'ஜா ஜா பேவஃபா'வையும் அடுத்தடுத்துக் கேட்டேன். இரண்டு முறை. சரி, விடுங்கள்.

பதிலுக்கு நானும் ஒன்று தருகிறேன், எங்கள் பேட்டைச் சரக்கு. ஏவி.எம். தயாரித்த 'பாய் பாய்', 1956. எம்.வி. ராமன் இயக்கம், தமிழ் 'ரத்தபாசம்' படத்தின் ஹிந்தி வடிவம். மதன் மோகன் இசை. லதாவின் 'கதர் ஜானே நா'வுக்காகத்தான் அந்த இசைத்தட்டை வாங்கி வைத்திருந்தேன். அதே படத்தில் கீதாவின் 'ஏ தில் முஜே பதா தே' இருக்கிறது. நேற்று ராத்திரி அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சிற்றலை:

சொல்ல மாட்டோம். :)

வங்காளிப் பாட்டுகளை யாரும் தொடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஹாரானோ சுர்' (1957) படத்தில் 'துமி ஜே ஆமார்', ஹேமந்த் குமார் இசை, திரையில் சுசித்ரா சென். கல்கத்தாவில் இதைத் தெரியாதவர் இல்லை. இன்னொன்று 'நிஷி ராத் பான்கா சாந்த் ஆகாஷே'. இரண்டையும் இரவில் கேளுங்கள், வேறெதுவும் நான் சொல்ல வேண்டியதில்லை.

குமிழ்விளக்கு:

அப்பப்பா, ஒரு வாரம் ஊரில் இல்லை, இழை இவ்வளவு நீண்டுவிட்டது. எல்லாருக்கும் நன்றி. சொன்ன பாட்டுகளில் முக்கால்வாசி கேட்டுவிட்டேன். சிற்றலை ஐயா சொன்னபடி 1947-லிருந்து வரிசையாக.

ஒன்று கேட்க வேண்டும். கடைசிக் காலத்தில் பாடினாரா? குரு தத் 1964 அக்டோபரில் இறந்துவிட்டார், இவர் 1972 ஜூலையில். நடுவில் எட்டு வருஷம்.

மாட்டுங்கா மணி:

கஷ்டமான எட்டு வருஷம். மூன்று குழந்தைகள், பணமுடை, மேடைக் கச்சேரிகள், 1967-ல் ஒரு வங்காளிப் படத்தில் நடிக்கவும் செய்தார். ஈரல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையில் 1971-ல் பாசு பட்டாச்சார்யாவின் 'அனுபவ்'. கனு ராய் என்ற, அதிகம் பேர் அறியாத இசையமைப்பாளர். வாத்தியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் குரலுக்கு ஒளிய இடமே கிடையாது. 'மேரீ ஜான் முஜே ஜான் ந கஹோ', 'கோயீ சுப்கே ஸே ஆகே', 'மேரா தில் ஜோ மேரா ஹோத்தா', மூன்றும் அவர்தான். முதலாவதும் மூன்றாவதும் குல்ஸார் எழுதியவை.

'மேரீ ஜான்' பாட்டை நம்ம நோக்கத்தோடு கேளுங்கள். சாகப்போகிறவர் பாடியது என்று தெரியாதவர் யாராவது கிடைத்தால் போட்டுக் காட்டிக் கேளுங்கள், பாடுகிறவருக்கு என்ன வயசு இருக்கும் என்று. நான் என் மகளிடம் கேட்டேன். 'புதுசா கல்யாணம் ஆன பொண்ணு' என்றாள்.

பானு:

சின்னத் தகவல். 2016 கடைசியில தபால் துறை பாடகர்கள் தபால்தலை வரிசை ஒண்ணு போட்டாங்க. ரஃபி, கிஷோர், முகேஷ், ஷம்ஷாத் பேகம் எல்லாரோடயும் கீதா தத். அதே வரிசையில நம்ம டி.எம்.எஸ். என்கிட்ட ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. ரெண்டு பேருக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனா பாக்க நல்லா இருக்கு.

குமிழ்விளக்கு:

மணி சார் சொன்னதை நானும் செய்து பார்த்தேன், வேறு பாட்டில். நேற்று சமையலறையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கைபேசியில் 'நன்ஹீ கலீ' போட்டேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு, ஹிந்தி ஒரு எழுத்து தெரியாது, கீதா தத் யாரென்றும் தெரியாது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பாதியில் அம்மா ஆய்வதை நிறுத்திவிட்டு, 'யாருடா இது, குழந்தை முழிச்சுக்கும்னு பயந்து பயந்து பாடறா' என்றார்.

எனக்கு அர்த்தம் தெரியாது. அப்புறம் தேடிப் பார்த்தேன். 'ஹவா தீரே ஆனா' என்று வருகிறதே, காற்றே மெள்ள வா என்றுதானாமே?

சிற்றலை:

அதேதான். அம்மாவுக்கு அடுத்ததாக 'பாபுஜீ தீரே சல்னா' போட்டுக் காட்டுங்கள். அதிலும் 'தீரே' வருகிறது. என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுங்கள்.

கோடம்பாக்கத்தான்:

நானும் காத்திருக்கிறேன்.